எங்க ஊர்ப் பல்லும் பைகார்பனேட்டும்

தர்மபுரி மாவட்டத்தில், அதிலும் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பிறந்து வளர்ந்தவர்களை வெளியூரில் எங்கே பார்த்தாலும் அனேகமாகக் கண்டுபிடித்துவிடுவேன். பேச்சை வைத்து அல்ல. சிரிக்கும்போது மேல்வரிசை முன்பற்களில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு எனக்கும் இருக்கிறது. என் அண்ணனுக்கு இருக்கிறது, பெரியப்பா பிள்ளைகளுக்கு இருக்கிறது, ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்த எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

"பல்லே விளக்க மாட்டியா?" என்று என்னைக் கேட்டவர்கள் நிறைய. படிக்கும்போது ஓர் ஆசிரியர் வகுப்பு முன்னால் நிற்க வைத்துக் கேட்டார். விடுதியில் கூடத் தங்கியிருந்தவள் கேட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு பெரியம்மா என்னிடம் கேட்காமல் என் அம்மாவிடம் கேட்டார். அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. வேப்பங்குச்சி, அடுப்புச் சாம்பல், உப்பு, பல்பொடி என்று எதை வைத்துத் தேய்த்தாலும் ஈறில் ரத்தம் வந்ததே தவிர, கோடு போகவில்லை.

இப்போது நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு பெண். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும், ஆனால் எழுந்து பேசும்போது இடது கை தானாக வாய்க்கு வந்துவிடும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் அம்மா சொன்னார்: "பால் பல்லு வெள்ளையா நல்லா இருந்துச்சு டீச்சர். விழுந்து முளைச்ச பல்லுதான் இப்படி. சரியா விளக்கறதே இல்ல, சொன்னா கேக்க மாட்டா." அந்த அம்மாவுக்கு அன்றைக்கு நின்றபடியே கொஞ்சம் சொன்னேன். முழுதாகச் சொல்ல நேரமில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கோடு அழுக்கு இல்லை. எங்கள் ஊர் நிலத்தடித் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு என்ற உப்பால் வருவது; ஃபுளோரோசிஸ் என்பார்கள். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில், அதை உருவாக்கிய செல்களுக்கு அமிலத்தைச் சரியாகச் சமாளிக்க முடியாமல் போனதன் தடம் அது. அந்தச் செல்கள் அமிலத்தைச் சமாளிப்பது பைகார்பனேட்டை வைத்து. நம் வீட்டு ஆப்ப சோடாவில் இருக்கும் அதே பைகார்பனேட்.

முதலில் கோட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெற்றிலைக் கறை, டீக்கறை, புகையிலைக் கறை எல்லாம் ஈறை ஒட்டியும் இரு பற்களுக்கு நடுவிலுள்ள சந்திலும் சேரும். பல் டாக்டர் சுரண்டினால் போய்விடும். எங்கள் ஊர்க் கோடு அப்படி இல்லை. நல்ல வெளிச்சத்தில் பல்லைத் துணியால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு பாருங்கள். வெள்ளையாக, மெல்லிய இழைகள் பல்லின் குறுக்கே படுக்கைவாட்டில் ஓடும். சில இடங்களில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து சுண்ணாம்பு நிறத் திட்டாகும். அந்தத் திட்டின் மேல்தான் பழுப்பு ஏறியிருக்கும். முக்கியமான விஷயம், வலதுபக்கப் பல்லில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, இடதுபக்கத்து ஜோடிப் பல்லிலும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கும். விளக்காததால் வரும் கறைக்கு இப்படி இரண்டு பக்கமும் ஒரே உயரம் தெரியாது. இரண்டு பற்களும் ஒரே மாதத்தில் ஒரே இடம்வரை வளர்ந்திருந்தன, அந்த மாதத்தில் உடம்புக்குள் இருந்தது இரண்டிலும் பதிந்துவிட்டது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. இந்தப் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது பழுப்பாக இருக்காது. வெளுப்பாகவே வரும். வீட்டில் உள்ளவர்களுக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும். ஆனால் அந்த வெளுப்பு, மேற்பரப்புக்குக் கீழே எனாமல், அதாவது பல்லின் வெளி உறை, சரியாக இறுகாமல் நுண்துளைகளோடு இருப்பதால் வரும் வெளுப்பு. சாப்பாட்டிலும் குடிப்பதிலும் உள்ள நிறங்கள் அந்தத் துளைகளில் மெதுவாக ஏறி, சில வருடங்களில் பழுப்பாகிவிடும். பெண்ணுக்கு எட்டு வயதில் வெள்ளையாக இருந்த பல் பன்னிரண்டு வயதில் நிறம் மாறினால், அவள் பல் விளக்கவில்லை என்றுதான் அம்மாவுக்குத் தோன்றும்.

எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் 96 சதவீதம் தாதுதான். ஹைட்ராக்ஸிஅபடைட் என்கிற கால்சியம் பாஸ்பேட் படிகம். எலும்பை எலும்புச் செல்கள் கட்டுகின்றன, உடைந்தால் திரும்பக் கட்டவும் செய்கின்றன. எனாமலைக் கட்டுவது எபிதீலியச் செல்கள். பெயர் அமெலோபிளாஸ்ட். பல் வெளியே வரும்போது இவை அழிந்துவிடும். அதனால்தான் எனாமலில் விழுந்த குறையை உடம்பால் பிறகு சரிசெய்ய முடிவதில்லை. எந்தப் பேஸ்ட்டாலும் முடியாது.

எபிதீலியம் என்றால் தோலுக்கும் குடலுக்கும் மேல் போர்த்திய மூடி என்று பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடுகிறோம். அது எனக்கு எப்போதும் குறையாகவே படும். எபிதீலியச் செல்லின் சிறப்பே அதற்கு இரண்டு பக்கங்கள் இருப்பதுதான். எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தெருவாசல் ஒன்று, புழக்கடை வாசல் ஒன்று இருக்கும். மூட்டை தெருவாசல் வழியாக வரும், கழுநீர் புழக்கடை வழியாகப் போகும், யாரும் மாற்றிச் செய்வதில்லை. எபிதீலியச் செல்லும் அப்படித்தான். ரத்தத்தைப் பார்த்த பக்கத்துச் சவ்வில் ஒரு வகைப் புரதங்கள், வெளியைப் பார்த்த பக்கத்துச் சவ்வில் வேறு வகைப் புரதங்கள். செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான சந்து பெரும்பாலும் அடைபட்டிருக்கும். ஆகவே எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் செல் முடிவு செய்கிறது. ஒரு பக்கம் அமிலத்தையும் மறுபக்கம் காரத்தையும் அதனால் தள்ள முடிவது இதனால்தான்.

பைகார்பனேட்டைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் ஒரு சோதனை செய்வேன். மூன்று பீக்கர். முதலாவதில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். இரண்டாவதில் பள்ளி போர்வெல் தண்ணீர். மூன்றாவதில் டிஸ்டில்டு வாட்டரில் லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் ஆப்ப சோடா கரைத்தது. மூன்றிலும் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி சில சொட்டுகள். காரத்தில் நீலமாகவும் அமிலத்தில் மஞ்சளாகவும் இருக்கும், நடுவில் பச்சை. முதல் பீக்கருக்கு மட்டும் ஒரு சொட்டு சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால்தான் நீலம் நிற்கும். அப்புறம் மூன்று பேரைக் கூப்பிட்டு ஸ்ட்ரா கொடுத்து ஊதச் சொல்வேன். "ஊதணும், உறிஞ்சக் கூடாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான்.

முதல் பீக்கர் சில மூச்சுகளிலேயே பச்சையாகி மஞ்சளாகிவிடும். மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. மூன்றாவது பீக்கரில் ஊதுகிறவனுக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் நிறம் பெரிதாக மாறாது, லேசாகப் பச்சை தட்டும், அவ்வளவுதான். லிட்டருக்கு 2 கிராம் என்பது நான் சும்மா வைத்த அளவு இல்லை. நம் ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல். அதை ஆப்ப சோடாவாகக் கணக்குப் போட்டால் 2 கிராம். ரத்தத்தில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு 1.2 மில்லிமோல். 24க்கு 1.2, அதாவது 20க்கு 1. இந்த விகிதம் நிற்கும்வரை ரத்தத்தின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 7.4 (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). நுரையீரல் 1.2ஐப் பார்த்துக்கொள்கிறது, சிறுநீரகம் 24ஐப் பார்த்துக்கொள்கிறது.

வகுப்பில் எல்லோரும் ஆச்சரியமாகப் பார்ப்பது இரண்டாவது பீக்கரை. போர் தண்ணீர் மஞ்சளாகவே ஆகாது. பச்சையில் நின்றுவிடும். "மிஸ், இதுலயும் சோடா போட்டீங்களா?" என்று கேட்பார்கள். போடவில்லை. எங்கள் ஊர் நிலத்தடித் தண்ணீரிலேயே பைகார்பனேட் நிறைய இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

செல்லுக்குள் பைகார்பனேட் தயாராவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியால். 1933இல் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் ரத்தச் சிவப்பணுக்களில் கண்டுபிடித்தது. கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்துப் பைகார்பனேட்டும் ஹைட்ரஜன் அயனியும் ஆக்கும். வேகமான வகையில் ஒரு மூலக்கூறு விநாடிக்குச் சுமார் 10 லட்சம் முறை இதைச் செய்யும். கிடைத்த இரண்டில் எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதில்தான் உறுப்புக்கு உறுப்பு வித்தியாசம். இரைப்பைச் செல் ஹைட்ரஜன் அயனியை இரைப்பைக்குள் தள்ளிப் பைகார்பனேட்டை ரத்தத்துக்குக் கொடுக்கிறது. கணையக் குழாயின் செல் நேர் எதிராகச் செய்கிறது. அதன் சாற்றில் பைகார்பனேட் 140 மில்லிமோல்வரை போகும், ரத்தத்தில் உள்ளதைப் போல் ஐந்தாறு மடங்கு. இரைப்பையிலிருந்து வரும் அமிலம் முன்சிறுகுடலில் அடங்குவது அந்தச் சாற்றாலும் குடற்சுவரே சுரக்கும் பைகார்பனேட்டாலும்தான்.

சிறுநீரகத்தின் கணக்கைக் கேட்டால் இன்னும் மலைப்பாக இருக்கும். ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது. அதில் போகும் பைகார்பனேட் 4,320 மில்லிமோல். ஆப்ப சோடாவாகச் சொன்னால் சுமார் 360 கிராம். அவ்வளவும் சிறுநீரோடு போய்விட்டால் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டோம். ஏறக்குறைய முழுவதையும் சிறுநீரகக் குழலின் எபிதீலியம் திரும்பப் பிடித்துவிடுகிறது, அதில் 80 சதவீதம் குழலின் முதல் பகுதியிலேயே. பிடித்ததை ரத்தப் பக்கம் அனுப்புகிற புரதத்தின் பெயர் என்பிசி-இ1. இதன் வேலையை 1983இல் போரனும் புல்பேப்பும் சாலமாண்டர் என்கிற நீர்நில உயிரியின் சிறுநீரகத்தில் கண்டார்கள். 1997இல் ரொமேரோவும் உடன் உழைத்தவர்களும் அதே உயிரியிலிருந்து அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். இது சோடியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்தே கடத்தும். சிறுநீரகத்தில் ஒரு சோடியத்துக்கு மூன்று பைகார்பனேட் என்று செல்லிலிருந்து ரத்தத்துக்குப் போகும். கணையத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று ரத்தத்திலிருந்து செல்லுக்குள் வரும். ஒரே புரதம், இரண்டு இடத்தில் இரண்டு திசை. பாடப்புத்தகத்தில் இது இல்லை. ஆனால் நான் எந்த வருடமும் சொல்லாமல் விடுவதில்லை.

இந்த என்பிசி-இ1 மரபணு பழுதாகிப் பிறக்கிறவர்கள் உலகில் மிகச் சிலர். அவர்களுக்குச் சிறுநீரகத்தால் பைகார்பனேட்டைப் பிடித்துவைக்க முடியாது, ரத்தம் அமிலமாகும், உயரம் குறைவாக இருக்கும், கண்ணில் புரை, கண் அழுத்தம் வரும். கூடவே எனாமலும் குறைபட்டிருக்கும். சிறுநீரகமும் கண்ணும் பல்லும் ஏன் சேர்ந்து கெடுகின்றன என்று முதன்முதலில் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று இடத்திலும் எபிதீலியம், மூன்று இடத்திலும் பைகார்பனேட் கடத்தல்.

எலியிலும் இதே கதை. பைகார்பனேட்டும் குளோரைடும் செல் சவ்வைத் தாண்ட வாசலாக இருக்கும் சிஎஃப்டிஆர் என்ற புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் வெட்டுப்பற்கள் சுண்ணாம்பு வெள்ளையாக, இறுகாமல் வரும். எலிக்கு மஞ்சள் பல்தான் ஆரோக்கியம், அதில் இரும்பு சேர்ந்திருக்கும், வெள்ளையானால் நோய். ஏஇ2 என்ற பைகார்பனேட்-குளோரைடு மாற்றி இல்லாத சுண்டெலிக்கும் எனாமல் தாதுச்சத்து குறைந்தே இருக்கும்.

எனாமல் கட்டுவதற்கும் அமிலத்துக்கும் என்ன சம்பந்தம்? படிகம் உண்டாவதே அமிலத்தை வெளியிடும் வேலை. 10 கால்சியம் அயனியும் 6 ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் தண்ணீரும் சேர்ந்து ஒரு ஹைட்ராக்ஸிஅபடைட் அலகு ஆகும்போது 8 ஹைட்ரஜன் அயனிகள் வெளியே விழும். பல் முழுக்க இப்படி எத்தனை கோடி அலகுகள்! அந்த அமிலம் அங்கேயே தேங்கினால் புதிதாக உண்டான படிகம் கரைய ஆரம்பிக்கும், மேற்கொண்டு படிகம் வளராது. பல் இருப்பதோ மூடிய ஈறுக்குள்; எச்சில் வந்து கழுவ வழியில்லை. ஆக, அமெலோபிளாஸ்ட் வரிசைதான் அந்தப் பக்கம் பைகார்பனேட்டைச் சுரந்துகொண்டே இருக்க வேண்டும்.

இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் அமெலோஜெனின் என்ற புரதத்தைச் சுரந்து, அதற்குள் மெல்லிய படிக நாடாக்களை நட்டு, எனாமலின் முழுத் தடிமனையும் போட்டுவிடுகின்றன. அப்போது அது மென்மையாகத்தான் இருக்கும். இரண்டாவது கட்டம் முதிர்ச்சி. புரதத்தை வெட்டி வெளியேற்றி, அந்த இடத்தில் படிகங்களைப் பருக்க வைக்க வேண்டும். அமிலம் அதிகம் வெளிப்படுவது இந்தக் கட்டத்தில். இதில் அமெலோபிளாஸ்ட்கள் செய்கிற காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. எனாமலைப் பார்த்த அவற்றின் முனை கொஞ்ச நேரம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். பிறகு மழமழப்பாகும். திரும்ப மடியும். எலியில் இது ஒரு நாளைக்கு ஏறத்தாழ மூன்று முறை. மடிந்த முனைக்குக் கீழே எனாமல் லேசாக அமிலமாகவும், மழமழப்பான முனைக்குக் கீழே நடுநிலையாகவும் இருக்கும். 1991இல் ஜப்பானில் சசாகி குழுவினர் வளர்ந்துகொண்டிருந்த மாட்டுப் பல்லின் எனாமலில் பிஹெச் நிறங்காட்டியைத் தடவிப் பார்த்தபோது பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரிந்தது: 5.8 முதல் 6 வரையுள்ள அமிலப் பட்டை, 7 முதல் 7.2 வரையுள்ள நடுநிலைப் பட்டை, மறுபடி அமிலப் பட்டை. நான் பீக்கரில் காட்டுகிற நிறமாற்றம் ஒரு கன்றின் தாடைக்குள்ளும் நடந்திருக்கிறது என்று சொன்னால், மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் கண் விரித்துக் கேட்பார்கள்.

இனி ஃபுளோரைடுக்கு வருகிறேன். ஃபுளோரைடு இருந்தால் கால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் படிகமாகும். கேட்க நல்லதாகத் தெரியும். ஆனால் சீக்கிரம் படிகமானால் அமிலமும் ஒரேயடியாக வெளிப்படும். செல்கள் அதே வேகத்தில் பைகார்பனேட் தர வேண்டும். தர முடியாதபோது மேலே ஒரு படலம் சட்டென்று இறுகி, அதற்கு அடியில் உள்ளது இறுகாமல் நின்றுவிடுகிறது; அமெலோஜெனினும் முழுதாக வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. இது ஆய்வாளர்கள் முன்வைத்துள்ள விளக்கங்களில் ஒன்று. எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவதும் இதுதான். டென்பெஸ்டன் குழுவினர் 1985இல், ஃபுளோரைடு கலந்த தண்ணீர் குடித்த எலிகளில் அமெலோபிளாஸ்ட்களின் அந்த மடிப்பு மாற்றமே பாதிக்கப்படுவதைக் காட்டினார்கள். எலிக்கு நம்மைவிடப் பல மடங்கு அதிக ஃபுளோரைடு கொடுத்தால்தான் இப்படி ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமிலம் கூடினால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபுளோரைடு அயனி சாதாரணமாகச் செல் சவ்வைத் தாண்டாது. ஹைட்ரஜன் அயனியோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆனால் சுலபமாகத் தாண்டிவிடும். பிஹெச் ஒன்று குறைந்தால் அந்த வடிவம் பத்து மடங்காகும். உள்ளே போனதும் மறுபடி பிரிந்து, செல்லுக்குள்ளேயே அமிலத்தையும் ஃபுளோரைடையும் இறக்கும்.

பால் பல் வெள்ளையாக இருந்தது என்று அந்த அம்மா சொன்னாரே, அதற்கும் காரணம் இதில் இருக்கிறது. பால் பற்களின் எனாமல் பெரும்பகுதி கருவிலும் தாய்ப்பால் குடிக்கும் மாதங்களிலும் உருவாகிவிடுகிறது. தாய் எவ்வளவு ஃபுளோரைடுத் தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகமிகக் குறைவாகவே வரும். நிரந்தர முன்பற்கள் இறுகுவது பிள்ளை பால் மறந்து, களியும் கஞ்சியும் சோறும் தின்று, செம்பில் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகு. மேல்வரிசை நடு முன்பற்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள காலம் ரொம்ப முக்கியம். மற்றப் பற்களுக்கு, கடைசிக் கடைவாய்ப் பல்லைத் தவிர, எட்டு வயதுவரை. ஆக, அந்தப் பெண்ணின் பல்லில் உள்ள கோடு அவள் பிரஷ்ஷைக் கையில் பிடிக்கத் தெரியாத வயதில் விழுந்தது.

இரண்டாவது பீக்கருக்கு வருகிறேன். எங்கள் பூமிக்கு அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் (gneiss) என்கிற கடினப் பாறை வகைகள். அதில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் என்று ஃபுளோரைடு தங்கிய தாதுக்கள் உண்டு. மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, பாறையைக் கரைத்துப் பைகார்பனேட் தண்ணீராகிறது. பைகார்பனேட் கூடக் கூட, தண்ணீரில் உள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. தோட்டத்தில் குழி வெட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கிடைக்கும் சுக்கான் கல் அதுதான். கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாகக் கீழே இருத்தும். கால்சியம் போய்விட்டதால் ஃபுளோரைடு தண்ணீரிலேயே நிற்கிறது. ஆகவே பைகார்பனேட் மிகுந்து, கால்சியம் குறைந்து, கொஞ்சம் காரமாக உள்ள தண்ணீரில் ஃபுளோரைடைச் சந்தேகிக்க வேண்டும். பாறையோடு தண்ணீர் நீண்ட காலம் கிடந்தால் இன்னும் கூடும். என் சிறுவயதில் கிணறு வற்ற வற்ற போர் போட்டார்கள், போர் வற்ற வற்ற ஆழப்படுத்தினார்கள்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5தான். இந்தக் கறையை உலகம் கவனித்த வரலாறு நீளமானது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901இல் தொழில் செய்ய வந்த பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பல்லெல்லாம் பழுப்பு, பெரியவராகிக் குடிவந்தவர்களுக்கு இல்லை என்று கண்டார். காரணம் ஃபுளோரைடு என்று தெரிய 1931 ஆனது. நம் பக்கத்தில் 1937இல் ஷார்ட்டும் உடன் உழைத்தவர்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், பல்லோடு முதுகெலும்பும் இறுகிப்போன மனிதர்களைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூர், மெக்கேயின் யோசனைப்படி பழைய குழாயை விட்டு வேறு ஊற்றுக்கு மாறியது. அதற்குப் பிறகு வளர்ந்த குழந்தைகளுக்குப் பல் சுத்தமாக முளைத்தது. காரணம் இன்னதென்று பெயர் தெரியும் முன்பே, தண்ணீரை மாற்றியதும் பலன் தெரிந்தது.

எங்களுக்கும் தண்ணீர் மாறியது. ஜப்பானிய நிதியுதவியோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்குமான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற தெருக்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு முன்பற்கள் பளிச்சென்று இருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் ஒகேனக்கல் தண்ணி வராத நாட்களில், குடத்தில் உள்ளதைக் குடிக்க வைத்துக்கொண்டு, சமையலுக்குப் போர் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம். அங்கேதான் என் கவலை. களி கிண்டினாலும் சோறு வடித்தாலும் அந்தத் தண்ணீர் வயிற்றுக்குத்தான் போகிறது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மீதியில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

கைக்குழந்தையும் எட்டு வயதுக்குள் பிள்ளையும் உள்ள வீட்டில், ஒகேனக்கல் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால், அதைப் பிள்ளைக்குக் குடிக்கவும் பிள்ளைக்குச் சமைக்கவும் முதலில் ஒதுக்குங்கள். பெரியவர்களுக்குப் பல் இனி மாறப்போவதில்லை, ஆனால் எலும்புக்காக நாமும் அதையே குடிப்பது நல்லது. ராகி நம் மண்ணின் சாப்பாடு, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் குடலில் ஃபுளோரைடு சேர்வது குறையும். பாலும் ராகியும் பிள்ளைக்குத் தவறாமல் கிடைக்கட்டும். பேஸ்ட்டைச் சின்னப் பிள்ளைக்கு அரிசி அளவு வைத்தால் போதும், விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

ஏற்கனவே கோடு விழுந்த வளர்ந்த பிள்ளைகளுக்கு வழி இல்லாமல் இல்லை. மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுப்பது, வெளுக்கச் செய்வது, பல் நிறப் பூச்சு வைப்பது எல்லாம் உண்டு. கறை எவ்வளவு ஆழம் என்பதைப் பார்த்துப் பல் மருத்துவர் சொல்வார். வீட்டில் எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். இறுகாத எனாமல் மேலே அமிலத்தைத் தேய்த்தால் இருக்கிறதும் போகும்.

தண்ணீரில் எவ்வளவு ஃபுளோரைடு இருக்கிறது என்று பார்க்க நாக்கும் கண்ணும் உதவாது. அதற்கு நிறமோ மணமோ ருசியோ தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கொடுக்கலாம். போரை ஓட்டி, தேங்கிய தண்ணீர் போன பிறகு பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, நிறையப் பிடித்து, எந்தத் தெரு, எந்த போர், எத்தனை அடி என்று மேலே எழுதி ஒட்டிக் கொடுங்கள்.